கடைசிப் பத்து நிமிஷம்

படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆதிகேசவன் எழுந்துவிடுவார். வில்லன் கதாநாயகனின் கழுத்தில் கத்தியை வைத்திருந்தாலும் சரி, காதலி ரயில் ஏறிக்கொண்டிருந்தாலும் சரி, அவருக்குக் கவலை இல்லை. பின்னால் இருப்பவர்கள் உட்காரச் சொல்லிக் கத்துவார்கள். குனிந்தபடியே வரிசையைக் கடந்து கழிப்பறைக்குப் போய், குழாயடியில் முகம் கழுவி, தோளில் கிடக்கும் மஞ்சள் துண்டால் அழுத்தித் துடைத்து, சீப்பைத் தண்ணீரில் நனைத்துத் தலை வாரிக்கொள்வார். மீசைக்கும் அதே சீப்புதான். கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது மைக்குக்கு முன்னால் முதல் ஆளாக நிற்க வேண்டுமே, அதற்குத்தான் இத்தனை பாடும்.

மைக் கண்ணாவுடையது. யூடியூபில் சேனல் நடத்துகிறான். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்ததும் அல்சூர் பக்கத்துத் தியேட்டர் வாசலில் நின்று, வருகிறவர்களை மறித்துப் படம் எப்படி என்று கேட்பது அவன் தொழில். மற்றவர்கள் "சூப்பர்", "மொக்கை" என்று ஒற்றை வார்த்தையில் நழுவிவிடுவார்கள். ஆதிகேசவன் நின்று நிதானமாகச் சொல்வார். கண்ணாவுக்கு அவர் ஒருத்தர் போதும்.

ஆதிகேசவனுக்கு மர்பி டவுனில் வீடு. தொழில், தண்ணீர் கேன் போடுவது. காலை ஆறு மணிக்கு டாட்டா ஏஸ் வண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒன்பதரைக்குள் வேலையை முடித்துவிடுவார். அன்றைக்கு யார் வீட்டில் தண்ணீர் தீர்ந்தாலும் அவர் பொறுப்பில்லை. இருபது வருஷமாகக் கேன் சுமந்ததில் வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. காமிராவில் அது தெரியக் கூடாதென்று இடது பக்கத்தைக் காட்டி நின்றுதான் பேசுவார்.

பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. பெரிய நடிகரின் படம் ஒன்று போன மாதம் வந்தது. "ஹீரோ ஸ்லோ மோஷன்ல நடந்து வர்றான், வர்றான், வந்துக்கினே கீறான். எப்ப கதைக்கு வந்து சேருவான்னு பாத்தேன். இன்டர்வெல் வந்துடுச்சு" என்றார். அஞ்சு மொழியில் வெளியான பிரம்மாண்டப் படத்துக்கு, "அஞ்சு பாஷையில எடுத்துகிறாங்க, ஒரு பாஷையிலயும் புரியல" என்றார். பேய்ப் படத்தில் பேய்க்கு மட்டும்தான் நடிக்கத் தெரிகிறது என்று ஒரு தீர்ப்பு. யாரும் கண்டுகொள்ளாத காதல் படம் ஒன்றை மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அதில் நடித்த பெண்ணுக்குக் கோபம் வந்தால் நிஜமாகவே மூக்கு சிவக்கிறதாம், அதை மேக்கப்பில் கொண்டுவர முடியாதாம். போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்து, ஆமாம், சிவக்கிறது என்றார்கள். மனுஷனுக்குக் கண் உண்டு, இல்லையென்று சொல்லிவிட முடியாது.

அவரிடம் மதிப்பெண் இரண்டே இரண்டு. ஒன்று "சக்கத்", அதாவது பிரமாதம். மற்றது "டப்பா", வெறும் குப்பை. இரண்டும் கன்னடம் என்பதெல்லாம் அவருக்கு நினைவே இல்லை. சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கும் ஐ.டி. பையன்கள் கேனை இறக்கி வைக்கும்போதே, "அண்ணே, இந்த வாரம் சக்கத்தா, டப்பாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போடுவார்கள்.

ஆனால் கடைசிப் பத்து நிமிஷம்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வெளியே வருகிற கூட்டத்தின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். முகம் மலர்ந்திருந்தால் "கிளைமாக்ஸ்தான் படத்தையே தூக்கி நிறுத்துது", தொங்கியிருந்தால் "கிளைமாக்ஸ்ல சொதப்பிட்டாங்க". இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. மனைவி தனக்கோடிக்கு மட்டும் தெரியும். பல மாதம் கழித்து அதே படம் டி.வி.யில் வரும்போது, "அட, இவனா கொலகாரன்!" என்று வாய் பிளப்பவரை வேறு எப்படிப் புரிந்துகொள்வது? அவள் சிரித்துக்கொண்டே, "ஊருக்கே கத சொல்ற ஆளு" என்பாள். அவரும் சிரிப்பார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியதில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் சாந்தகுமாரி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்து நின்றாள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். பெண்கள் தங்கும் ஒரு பி.ஜி.யில் சமையல் வேலை. அதிகம் பேச மாட்டாள். மறுநாள் ஒரு சின்னப் படம் வருகிறது என்று பெயரைச் சொல்லி, "அத்தப் பாத்துட்டு வாண்ணா. கடைசி வரைக்கும் உக்காந்து பாரு. அப்பால ஒரு விஷயம் சொல்றேன்" என்றாள். கேன்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், "ஆய்த்தும்மா" என்று தலையாட்டினார். எந்தக் காதில் வாங்கினாரோ, மற்ற காது வழியாகப் போய்விட்டது.

போனார், பார்த்தார். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரு பையன் வேலை தேடுகிறான், நண்பர்களோடு சுற்றுகிறான், வீட்டுக்கு போன் பேசுகிறான். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் வழக்கத்தைவிட முன்னாலேயே எழுந்து, முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வெளியே வந்தார். கண்ணாவும் அன்று அவசரத்தில் இருந்தான். கூட்டம் வருவதற்குள் மைக்கை நீட்டிவிட்டான். காலையிலேயே யாரோ அவனுக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும், "கடைசியில வர்ற அந்த அம்மா கேரக்டர் எப்படிண்ணே?" என்று கேட்டான்.

பார்ப்பதற்கு ஒரு முகம்கூட இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மைக்குக்கு முன்னால் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. "அதாங்க படத்தையே காலி பண்ணிடுச்சு" என்றார். "யாரோ நடிப்பு தெரியாதவங்கள இட்டாந்து நிறுத்திட்டாங்க. ஓவர் ஆக்டிங்கு. மொத்தத்துல டப்பா."

அவர் இடது பக்கத்தைக் காட்டி நின்று சொன்ன அந்த வீடியோத் துண்டு சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் வலம் வந்து மர்பி டவுனுக்கும் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை காலை கேனைத் தோளில் வைத்தபடி பி.ஜி. சமையலறை வாசலில் நின்றார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சாந்தகுமாரி எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, அந்த அம்மா நான்தாண்ணா."

போன வருஷம் பி.ஜி. இருக்கும் தெருவில் படம் பிடிக்க வந்தவர்கள், அடுப்பருகில் பழக்கமாக நிற்கிற ஒரு பெண் வேண்டுமென்று தேடி இவளைப் பிடித்திருக்கிறார்கள். காட்சியை வெட்டிவிட்டால் அசிங்கமாகிவிடுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமைதான் டைரக்டர் போன் செய்து, உங்கள் காட்சி இருக்கிறது என்றாராம். கேசவண்ணன் பார்த்து நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தெருவையே அழைத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தாள். இப்போது யாரையும் கூப்பிடப் போவதில்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, சாம்பாருக்குப் புளி போதவில்லை என்பதுபோலத்தான் சொன்னாள்.

"எனக்கு எங்கண்ணா தெரியும் நடிப்பு? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எந்த எடத்துல தப்பாச்சுன்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சிக்கறேன்."

ஆதிகேசவன் தோளில் இருந்த கேனைச் சரிசெய்துகொண்டார். நான் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை, அதோடு முடிந்திருக்கும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. வெளியே வந்ததோ வேறு.

"அழுகைதாம்மா" என்றார். "அழுகை கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. சொல்ப கம்மி பண்ணியிருந்தா சக்கத்தா இருந்திருக்கும்."

"அழுகையா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். "சரிண்ணா, கேன இறக்கி வை" என்றாள்.

அன்று முழுக்க எந்த வீட்டிலும் அவர் படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தனக்கோடி சோறு போட்டால் பாதியில் கை கழுவிவிட்டார். உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். அந்த அம்மா யார் என்பது தெருவில் தெரிந்தது இரண்டே பேருக்கு. சாந்தகுமாரியோ சொல்லப் போவதில்லை. பேசாமல் விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்து இதை அடித்துக்கொண்டு போய்விடும். அப்படி நினைத்ததற்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் துண்டையும் சீப்பையும் வீட்டிலேயே வைத்துவிட்டு அதே படத்துக்குத் தனியாகப் போனார். கடைசிப் பத்து நிமிஷம் வந்ததும் கால் தானாக எழப் பார்த்தது. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பையன் விபத்தில் போய்விட்டான். அதைச் சொல்ல அவன் நண்பர்கள் அவன் அம்மாவின் வீட்டுக்கு வருகிறார்கள். வாய் வராமல் நிற்கிறார்கள். அடுப்பருகில் சாந்தகுமாரி. அவர்கள் முகத்தைப் பார்க்கிறாள், அவளுக்குப் புரிந்துவிடுகிறது. "உக்காருங்கப்பா, சாப்புட்டுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் தோசை ஊற்றுகிறாள். திருப்பிப் போடுகிறாள். தட்டில் வைக்கிறாள். மறுபடி ஊற்றுகிறாள். அடுத்த தோசை கருகுகிறது, அவள் கரண்டியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். படம் அவ்வளவுதான்.

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம். ஆதிகேசவனுக்குக் காது இரண்டும் சுட்டது. அழுகை ஜாஸ்தி என்று யாரிடம் சொன்னோம்! அழவே அழாத ஒருத்தியிடம் அழுகையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் "சரிண்ணா" என்றிருக்கிறாள். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை போலிருந்தது. விளக்கு போட்டு, பெருக்குகிற அம்மாள் வந்து தட்டி எழுப்பும்வரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேராக அவள் வீட்டுக்குத்தான் போனார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னார்.

"நான் பாக்கலம்மா. முடியறதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டேன்."

"தெரியும்ணா."

"அப்ப ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

சாந்தகுமாரி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "தோள்ல கேன் இருந்துச்சேண்ணா. இன்னும் எவ்ளோ நேரம் நிக்க வெக்கிறது?"

அவளிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பார். இப்போது அதுவும் இல்லை. கண்ணாவுக்குப் போன் செய்து வீடியோவை எடுக்கச் சொன்னார். நன்றாக ஓடுகிற வீடியோவை யாராவது எடுப்பார்களா என்று சிரித்தான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிறகு ஒரு காரியம் செய்தார். மறுநாள் காலை கேன் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு செய்தி. சாந்தா படத்தில் இருக்கிறாள். நான் படத்தை முழுசாகப் பார்க்காமலே அவளைப் பற்றிப் பொய் சொன்னேன். முதல் செய்திக்கு எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இரண்டாவதுக்கு, "இத்தினி வருசமா இதான் கதையா?" என்று சிலர் சிரித்தார்கள். முனை வீட்டு கில்பர்ட் சிரிக்கவில்லை. இவர் பேச்சைக் கேட்டு அவர் எத்தனையோ படத்தை விட்டிருக்கிறார். "த்தூ, போய்யா" என்று கதவைச் சாத்தினார். ஆதிகேசவன் சாத்திய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். தெருவோடு படத்துக்கு வரச் சாந்தகுமாரியைச் சம்மதிக்க வைத்தது தனக்கோடிதான்.

வியாழக்கிழமை, படத்துக்குக் கடைசி நாள். டாட்டா ஏஸிலிருந்து கேன்களை இறக்கிவிட்டு, பெண்களை ஏற்றிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். கில்பர்ட்டும் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வரிசை முழுக்க மர்பி டவுன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு மிஞ்சிய ஒரே இடம் சாந்தகுமாரிக்குப் பக்கத்தில். அங்கே போய் ஒடுங்கி உட்கார்ந்தார்.

படத்தில் பையனின் நண்பர்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆதிகேசவனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் முகத்தைத் திரையில் பார்க்க முடியவில்லை. இருக்கையிலிருந்து பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். தோளில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சாந்தகுமாரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அந்தத் துண்டை உருவி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.