இடம் மாறிய மாவு மில்

“சனி, காலை 10.20. பேருந்து விளையாட்டில் தாம்பரம்–மாடம்பாக்கம் மோடைப் போட்டு ஓட்டினேன். சேலையூர் தாண்டியதும் மாவு மில் இடப்பக்கம் வருகிறது. தவறு. இப்படி மொத்தம் பதினோரு தவறுகள். செய்தவருக்கு எழுத வேண்டும்.”

ஜூலை மாதக் குறிப்பேட்டில் உள்ளதை அப்படியே தந்திருக்கிறேன். இதை எழுதும்போதே எனக்குப் பொறுமை போயிருந்தது. கணினி விளையாட்டை விற்றவர்கள் தராததை ஆர்வலர்கள் தாங்களே செய்து இலவசமாகச் சேர்ப்பதுதான் மோட். அந்த மாதம் மூன்று மோட்கள் போட்டுப் பார்த்தேன். விவசாய விளையாட்டில் நெல்லைச் சேர்த்தவர் நாற்றையும் தண்ணீரையும் சேர்க்கவில்லை. காய்ந்த மண்ணில் விதையைத் தூவிவிட்டு, காய்ந்த மண்ணிலேயே அறுக்க வேண்டும். நகரம் கட்டும் விளையாட்டில் வண்டிகளை நம் நாட்டு முறைப்படி இடப்பக்கம் ஓடவிடும் மோட் ஒன்று. வண்டிகள் இடப்பக்கம் வந்துவிட்டன. நிறுத்தங்கள் பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டன. பேருந்து வந்ததும் ஜனங்கள் குறுக்கே ஓடினார்கள்.

“இது ஒண்ணுதான் நம்ம ஊர் மாதிரியே இருக்கு,” என்றாள் என் மனைவி.

மூன்றாவது, மாவு மில் இடம் மாறிய இந்தப் பேருந்து மோட். செய்தவர் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண்; வீடு மாடம்பாக்கம். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த ஞாயிறு இறுதிப் பதிப்பு, பிறகு இதைத் தொட நேரமிருக்காது என்று மோடின் பக்கத்தில் அறிவித்திருந்தார். தான் தினமும் போய்வரும் சாலையை, பார்ப்பவர்கள் நம்பும்படி செய்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நான் பதினோரு தவறுகளையும் எண்ணிட்டு அனுப்பினேன். “மில்லை இடம் மாற்ற உரிமையாளரிடம் கேட்டீர்களா?” என்று ஒரு குத்தலும் சேர்த்தேன்.

மறுநாள், சர்ச்சிலிருந்து திரும்பியபோது பதில் வந்திருந்தது.

“சார், நீங்க சொன்ன பதினொண்ணும் எனக்கு ஃபார்வர்டா வந்த ஒரே லிஸ்ட்ல இருந்து எடுத்தது. இணைச்சிருக்கேன், பாருங்க.”

பார்த்தேன். என் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் இரும்புலியூர் வாட்ஸாப் குழுவில் நானே படம் எடுத்துப் போட்ட பட்டியல்: ‘தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் வரை, சாலையின் இருபுறமும் உள்ளவை’. அடியில், ‘நேரில் கண்டு எழுதியது’.

பழைய குறிப்பேட்டை எடுத்ததும் விஷயம் புரிந்தது. அன்று போகும்போது நிற்கத்தான் இடம். கொஞ்ச தூரத்தில் கூட்டம் ஜன்னலை மறைத்துவிட்டது. திரும்பும்போது ஜன்னலோரம் கிடைக்க, மீதியை எழுதினேன். வீட்டில் நகல் எடுக்கும்போது வரிசையைத் தாம்பரத்திலிருந்து தொடங்கும்படி மாற்றினேன். திரும்பும்போது எழுதியவற்றின் இடப்பக்கம், வலப்பக்கத்தை மாற்றவில்லை.

அவருக்கு ஒப்புக்கொண்டு எழுதினேன்.

“நானும் தினம் அந்த ரோட்லதான் சார் வரேன். மில் அந்தப் பக்கம்னு தோணுச்சு. ஆனா பஸ்ல நான் போனைத்தான் பார்ப்பேன். நீங்க நேரில் கண்டதுன்னு போட்டிருந்தீங்க, நம்பிட்டேன். இப்ப எல்லாத்தையும் அப்படியே திருப்பிட்டா சரியாயிடுமா?”

ஆகாது. போகும்போது நின்றுகொண்டு எழுதியவை சரியானவை. என் கண்ணில் பட்ட பதினொன்று போக, மற்றவற்றில் அவை எவை என்று நகலில் அடையாளம் இல்லை. மூலக் குறிப்பும் பாதி அழிந்திருந்தது. ஞாயிற்றுக்கு ஏழே நாள். அந்தப் பெண் என் ஒரு வரியை நம்பி மாலை மாலையாக உட்கார்ந்து கட்டிய சாலை அது. வியாழனன்று விடுப்பு எடுத்தேன்.

“லீவு லெட்டர்ல காரணம் என்ன போட்டீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“சொந்த வேலை.”

“எழுதினது நிஜந்தான். நீங்களா இழுத்து விட்டுக்கிட்ட வேலை.”

பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் இருக்கை கிடைத்தது. சேலையூர் வருமுன் கண்டக்டர் என் தலைக்குமேல் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் எழுதிகினு வரீங்க? செக்கிங்கா?”

“இல்லைங்க. ஒரு கேமுக்கு. பஸ் ஓட்டற கேம்.”

“கேமா? அதுல சில்லறை குடுக்காதவன்லாம் வருவானா?”

“வரமாட்டான்.”

“அப்ப அது இன்னா பஸ்ஸு சார்?”

பக்கத்து இருக்கை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ரோடு அகலம் பண்ணப் போறாங்களா சார்? எங்க காம்பவுண்ட் சுவரு போயிடுமா?” என்று மூன்று முறை கேட்டார். விளையாட்டு என்றால் நம்பவில்லை. தன் வீடு வந்ததும், “இது முப்பது வருஷமா இங்கதான் இருக்கு, எழுதிக்கோங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கினார். எழுதிக்கொண்டேன்.

போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. இந்தத் தடவை திசையை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எழுதினேன். பட்டியலில் முதல் ஆறு இடங்கள் சரி. மீதி எல்லாம் பக்கம் மாறியவை, ஒன்றைத் தவிர. ஆறாவதுக்கு அடுத்து, கேம்ப் ரோடு சந்திப்புக்கு முன்னால் ‘தையல் கடை, நீலக் கதவு’ என்று இருந்தது; அன்று போகும்போது எழுதியதா, திரும்பும்போதா என்று தெரியவில்லை. இப்போது அங்கே வடிகால் பள்ளம். இருபுறமும் தகரத் தடுப்பு. கண்டக்டரைக் கேட்டேன். இடப்பக்கம் என்றார். பின்னால் நின்ற ஒருவர், வலப்பக்கம், நான் அங்கேதான் சட்டை தைத்தேன் என்றார். இருவரும் மாடம்பாக்கம் வரை வாதத்தை விடவில்லை.

அன்று மாலையே திருத்திய பட்டியலை அனுப்பினேன். ‘நேரில் கண்டு எழுதியது’ என்ற வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் எந்தத் திசையில் போகும்போது பார்த்தது என்று குறித்திருந்தேன். சனிக்கிழமை அவர் எழுதினார்: “எல்லாம் மாத்திட்டேன் சார். தையல் கடைக்கு மட்டும் ரெண்டு பக்கமும் காலி மனை விட்டிருக்கேன். சரிதானே?”

சரி என்றேன். ஞாயிறன்று இறுதிப் பதிப்பு வெளிவந்தது. நீலக் கதவுத் தையல் கடை சாலையின் எந்தப் பக்கம் இருந்தது என்பது, இதை எழுதும் வரை, சரிபார்க்கப்படவில்லை.