வேண்டாம் என்கிற பட்டன்

தானா வேலை செய்யற மெஷினுக்குப் பக்கத்துல ஒரு ஆளை நிக்க வெச்சு, அந்த ஆளுக்கு மாசாமாசம் சம்பளமும் குடுத்த ஓட்டல் எங்க காஞ்சிபுரத்து ஓட்டல் ஒண்ணாத்தான் இருக்கும். அந்த ஆளு நான்தான். ரெண்டாயிரம் பொறந்து சில வருஷம் ஆயிருந்துது, செல்போன் அப்பதான் எல்லார் கைக்கும் வந்துக்கினு இருந்துது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்த சைவ ஓட்டல் அது. மொதலாளியோட புள்ள சிங்கப்பூருக்குப் போயிட்டு வந்தவரு, அவர நாங்க சின்ன மொதலாளின்னு கூப்பிடுவோம். பரிமாற ஆளே வேணாம், ஜனங்களே ஆர்டர் போட்டு ஜனங்களே எடுத்துக்கினு போகட்டும்னு ஒரு டச் ஸ்கிரீன் மெஷின வாங்கிக்கினு வந்து வாசல்ல வெச்சாரு. இட்லி படத்தத் தொட்டா இட்லி, காபி படத்தத் தொட்டா காபி. கீழேர்ந்து நம்பர் போட்ட ஒரு சீட்டு வரும். அதைக் கல்லாவுல காட்டிப் பணம் கட்டிட்டு, ஜன்னல்ல குடுத்துத் தட்டு வாங்கிக்கணும். நின்னுக்கினு சாப்பிடணும்.

மொத நாளே லட்சணம் தெரிஞ்சுபோச்சு. பொடவ எடுக்க வந்த கல்யாணக் கூட்டம், கோயில் பாக்க வேன்ல வந்த கூட்டம், தறியிலேர்ந்து எழுந்து டீ குடிக்க வந்த ஆளுங்க, எல்லாரும் மெஷின் முன்னாடி கையக் கட்டிக்கினு நின்னாங்க. ஒரு பெரியவரு கண்ணாடிய ரெண்டு தட்டு தட்டி, "ரெண்டு பொங்கல், ஒரு வடை"ன்னு சொல்லிட்டு, அது பதில் சொல்லும்னு காத்துக்கினு இருந்தாரு. அப்பதான் என்னை வேலைக்குக் கூப்பிட்டாங்க. நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சிருந்தேன். அதைவிட முக்கியமா, அதே ஓட்டல்ல இருவத்திரெண்டு வருஷம் சர்வரா இருந்தவரோட பொண்ணு.

மெஷின் வந்ததும் மத்த சர்வருங்களுக்கெல்லாம் கணக்கு தீத்து அனுப்பிட்டாங்க. எங்கப்பாவ மட்டும் ஜன்னல்ல நின்னு நம்பர் கூப்பிடச் சொன்னாங்க. "அப்பனும் பொண்ணும் சேந்து இருக்கறதா இருந்தா இருங்க. நீ போனா அவரும் போவேண்டியதுதான்"னு சின்ன மொதலாளி என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. அந்த நேரத்துல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிங்கள்ல பொண்ணுங்கள சாரி சாரியா எடுத்துக்கினு இருந்தாங்க. என்கூடப் படிச்சவளுங்க ஐடி கார்டு மாட்டிக்கினு கம்பெனி பஸ்ல ஏறிப் போவாளுங்க. நான் செவிலிமேட்டுலேர்ந்து டவுன் பஸ்ஸப் புடிச்சு, எங்கப்பா பின்னாடியே வந்து அந்த மெஷின் பக்கத்துல நிப்பேன். கோவம் கோவமா வரும், யார் மேல காட்டறதுன்னுதான் தெரியாது.

எங்க வீட்டுல சம்பளம் வாடகைக்கு, டிப்ஸ் சாப்பாட்டுக்கு. நான் நெனப்பு தெரிஞ்ச நாளா அப்படித்தான். டிப்ஸுல எங்கப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்துது. பில் தட்டுல சோம்பு பக்கத்துல காசு வெச்சாங்கன்னா, வெச்ச ஆளு வாசலத் தாண்டற வரைக்கும் தட்டப் பாக்கக்கூடாது. தலையச் சொறியக்கூடாது, பல்ல இளிக்கக்கூடாது, சில்லறை எடுத்துக்கினு வர்றாமாதிரி நேரம் கடத்தக்கூடாது. கேக்கறதுன்ற பேச்சுக்கே எடமில்ல. "சாப்பிட்டவன் வயிறு நெறஞ்சு தானா வெச்சா அது மரியாதம்மா. வாயத் தொறந்து கேட்டா அது பிச்சை"ம்பாரு. கூரைப்பொடவ எடுத்த கையோட சாப்பிட வர்ற குடும்பங்க மட்டும் தட்டுல வெக்கமாட்டாங்க, கையில குடுப்பாங்க. பதினொண்ணோ, இருவத்தொண்ணோ, நல்ல காரியம்ன்றதால ஒரு ரூபா சேத்து. அத ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினு, "பொண்ணு மாப்ள நல்லா இருக்கட்டும்"னு சொல்வாரு.

சின்ன மொதலாளி அதையும் மெஷினுக்குள்ள ஏத்திட்டாரு. ஆர்டர் போட்டு முடிச்சதும் ஸ்கிரீன்ல ஒரு கேள்வி வரும், ஊழியர்களுக்கு அன்பளிப்பு தர விருப்பமான்னு. கீழ மூணு பட்டன். அஞ்சு, பத்து, வேண்டாம். அதுல வர்றத மாசக் கடைசியில ஜன்னல்ல நிக்கிற எங்கப்பாவுக்கும், அவருக்குத் தட்டு எடுத்துக் குடுக்கற பையனுக்கும், மேஜை தொடைக்கிற அக்காவுக்கும் சமமாப் பிரிச்சுக் குடுக்கறதுன்னு ஏற்பாடு. கையில யாராவது வாங்கினா அன்னைக்கே சீட்டக் கிழிச்சுடுவேன்னு சொல்லி, செவுத்துலயும் எழுதி ஒட்டினாரு. நியாயம் மாதிரிதான் இருந்துது கேக்கறதுக்கு.

ஆனா பட்டன் அமுக்கறது யாரு? நூறு பேர் வந்தா தொண்ணூறு பேரு, "நீயே போட்டுடும்மா"ன்னு கையக் காட்டிடுவாங்க. அப்போ அந்தக் கேள்விய நான் வாயத் தொறந்து கேக்கணும். "சார், டிப்ஸ் அஞ்சு ரூபா போடட்டுமா?" பத்தடி தள்ளி ஜன்னல்ல எங்கப்பா நிக்கிறாரு. அவருக்குன்னு அவரு பொண்ணு, முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட, இன்னும் ஒரு வாய் கூடச் சாப்பிடாத ஆளுகிட்ட கேக்கணும். மொத ஆளுக்கு வாயத் தொறந்தேன், சத்தம் வர்ல. அந்த ஆளு என் மூஞ்சியப் பாத்தாரு. என் வெரல் தானாப் போயி வேண்டாம்ன்றத அமுக்கிடுச்சு. ரெண்டாவது ஆளுக்கும் அப்படியே. ஒரு வாரத்துல அது கைப்பழக்கமாப் போச்சு. அவங்க கேள்வியப் படிக்கறதுக்கு முன்னாடி நான் அமுக்கிடுவேன்.

மாசக் கடைசியில சின்ன மொதலாளி எல்லாரையும் கல்லாகிட்ட கூப்பிட்டு ஒரு பேப்பரப் படிச்சாரு. மொத்த மாசத்துக்கும் முப்பத்தஞ்சு ரூபா. காலேஜ் பசங்க யாரோ வெளாட்டா அமுக்கினது. "பாத்தீங்களா, ஜனங்களே சொல்லிட்டாங்க உங்க சர்வீஸுக்கு எவ்ளோ தரலாம்னு"ன்னாரு. மேஜை தொடைக்கிற அக்கா வெளிய வந்து என் காதுல, "சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்ற கதைடி, இவருதான் நடுவுல சுருட்டிக்கினு இருக்காரு"ன்னாங்க. அந்தப் பூசாரி நான்தான்னு அவங்களுக்கு எப்படிச் சொல்றது. தேள் கொட்டின திருடனாட்டம் நின்னேன்.

அன்னைக்கி பஸ்ல எங்கப்பா ஜன்னல் பக்கம் பாத்துக்கினே வந்தாரு. ஓரிக்கை ரோடு பிரியற எடத்துல சொன்னாரு, "எனக்குத்தான் வெக்கிறாங்கன்னு இத்தினி வருஷம் நெனச்சுக்கினு இருந்தேம்மா. பழக்க தோஷத்துல தட்டுல போட்டுட்டுப் போயிருக்கானுங்க. தட்டு போச்சு, பழக்கமும் போச்சு." நான்தாம்பான்னு அங்கயே சொல்லியிருக்கணும். அப்போ ஏன் கேக்கலன்னு கேப்பாரு, உனக்காகக் கேக்கறது எனக்கு அசிங்கமா இருந்துதுன்னு சொல்லணும். மத்த ரெண்டு பேரோட பங்கையும் சேத்துக் கெடுத்தவள்னு பேரு வரும். மென்னு முழுங்கிட்டேன்.

அதுக்கப்புறம் அவரு ஆளே மாறிட்டாரு. யாருக்கு சட்னி கூட வேணும், யாருக்குக் காபியில சக்கரை கூடாதுன்னு ஊருல பாதிப் பேருக்கு அவரு தலையில எழுதி வெச்சிருந்தாரு. அத்தனையும் விட்டுட்டாரு. நம்பரக் கூப்பிடுவாரு, தட்டத் தள்ளுவாரு, அடுத்த நம்பர். தெனம் பண்ற சவரத்த வாரத்துக்கு ஒருதரம் ஆக்கிட்டாரு. ஒரு நாளு என்கிட்டயே, "அந்த மெஷின் நம்பரையும் கூப்பிடுமாமே, அப்போ நான் எதுக்கு"ன்னாரு. சிரிச்சுக்கினே சொன்னாரு, ஆனா சிரிப்பு இல்ல அது. அவர இப்படிப் படுக்கப் போட்டது என் வெரல்தான்னு நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கல.

அந்த நேரம் பாத்து அவருக்கு ஜுரம் வந்துது. நாலு நாள் லீவு. ஜன்னல்ல வேற ஆளு. எங்கப்பா காதுல விழாதுன்ற தைரியம் எனக்கு வந்துச்சு. சரி, இப்போ கேக்கறேன், ரெண்டு மாசம் கோட்டை விட்டதையெல்லாம் இந்த நாலு நாள்ல சேத்துடறேன், அவரு வந்தவொடனே பேப்பரக் கையில குடுக்கறேன்னு முடிவு பண்ணிக்கினேன்.

கேட்டேன். கூசிக்கினே ஆரம்பிச்சு, அப்புறம் நல்லா சத்தமாவே கேட்டேன். மொத ஆளு, "டிப்ஸா? இன்னும் இட்லிய கண்ணுலயே காட்டலியேம்மா"ன்னாரு. ஒரு டீச்சரம்மா, "நின்னுக்கினு சாப்பிட நீங்கதான் எங்களுக்குத் தரணும்"னு சொல்லிட்டுப் போனாங்க. கூரைப்பொடவ எடுத்துக்கினு ஒரு குடும்பம் வந்துது. அவங்களுக்குக் குடுக்க மனசு இருந்துது, பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்தப் பொண்ணோட அம்மா ஸ்கிரீனப் பாத்துட்டு, "மொட்டையாப் பத்துதான் இருக்குதா? பதினொண்ணு இல்லியா?"ன்னாங்க. இல்லம்மான்னேன். நல்ல காரியத்துக்கு மொட்டையாக் குடுக்கறதா, யாரு கையில குடுக்கறதுன்னு ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்தாங்க. செவுத்து போர்டு கண்ணுல பட்டுது. "சரி விடு, அம்மன் உண்டியல்ல போட்டுக்கலாம்"னு போயிட்டாங்க.

கடைசி நாளு ஒரு ஜவுளிக் கடை மேனேஜர் வந்தாரு. எங்கப்பா மேஜையிலதான் உக்காருவேன்னு பத்து வருஷமா அடம் புடிச்ச ஆளு. வேற மேஜை காலியா இருந்தாலும் காத்துக்கினு இருப்பாரு, தெனம் தட்டுல வெக்காமப் போகமாட்டாரு. இவருகிட்ட கேக்க எனக்குக் கூச்சமே வர்ல, சிரிச்சுக்கினே கேட்டேன். அவரும் சிரிச்சாரு. "யாருக்கும்மா டிப்ஸ்? நான்தானே தூக்கிக்கினு போறேன், நான்தானே நின்னு சாப்பிடறேன். எனக்கு நானே வெச்சுக்கணுமா?" சொல்லிட்டு, அவரே வெரல நீட்டி வேண்டாம்ன்றத அமுக்கினாரு. எங்கப்பா ஏன் நாலு நாளா வர்லன்னு ஒரு வார்த்தை கேக்கல.

அன்னைக்கி மத்தியானம் வீட்டுக்குப் போனேன். எங்கப்பா பாயில சுருண்டுக்கினு இருந்தாரு. ஜுரம் விட்டிருந்துது. கஞ்சி குடுத்தேன். குடிச்சுட்டு, செவுத்தப் பாத்துக்கினே கேட்டாரு, "என்னை யாராச்சும் விசாரிச்சாங்களா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கறதுக்காகவே, ரெண்டு மாசமா முழுங்கி வெச்சிருந்தத எடுத்து அவரு முன்னாடி கொட்டினேன்.

"நான்தாம்பா. நான் யாரையும் கேக்கவே இல்ல. எல்லாருக்கும் நானே வேண்டாம்னு அமுக்கிட்டேன். உனக்காகக் கேக்கறதுக்கு வாய் வர்ல."

அவரு எழுந்து உக்காந்தாரு. "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அப்போ அவங்க வேணாம்னு சொல்லல."

"அவங்களுக்குக் கேள்வியே தெரியாதுபா."

அடிப்பாருன்னுகூட நெனச்சேன். அவரு சிரிச்சாரு. ரெண்டு மாசத்துல மொதல்தடவையா, இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாரு. "அட பைத்தியமே. கேக்காததும் நல்லதாப் போச்சு, என் பொண்ணு கேட்டு எனக்குப் பிச்சை வர்றதா? நான் என்னடான்னா ஜனங்களப் போயி தப்பா நெனச்சுக்கினு இருந்தேனே"ன்னாரு. அந்த ஜவுளிக் கடை மேனேஜரப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. பத்து வருஷப் பழக்கம், அவரப் போயி சந்தேகப்பட்டேனேன்னு. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, "நீ கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க, இல்ல?"ன்னாரு.

"குடுத்திருப்பாங்கபா"ன்னேன். சொல்லிட்டுக் கிண்ணத்தத் தூக்கிக்கினு கொல்லப் பக்கம் போயி அழுதேன்.

மறுநாள் சவரம் பண்ணிக்கினு வேலைக்கு வந்தாரு. நம்பர் கூப்பிட்டாரு, கூடவே சட்னி போதுமா சார்ன்னாரு, சக்கரை போடல சார்ன்னாரு. நான் பழையபடி ஒருத்தரையும் கேக்காம அமுக்கிக்கினு நின்னேன். அவரு அங்கேர்ந்து என்னைப் பாத்து, கூச்சம் புடிச்ச கழுதன்னு தலைய ஆட்டிக்குவாரு. ஜன்னல்ல அவரு இருந்தா கூட்டம் வருதுன்னு மொதலாளிக்கே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு மாசம் கழிச்சுப் பெரிய மொதலாளி என்னைக் கூப்பிட்டு, "உனக்குக் கம்பெனி வேலைக்கு ஆசைன்னு உங்கப்பா சொன்னாரும்மா. நீ போறதா இருந்தா போ. அவரு இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்"ன்னாரு.

எத்தினி ராத்திரி இதுக்காகப் பல்லக் கடிச்சுக்கினு படுத்திருப்பேன். எங்கப்பா எனக்கு முன்னாடியே அப்ளிகேஷன் வாங்கிக்கினு வந்துட்டாரு. வேணாம்னேன். அவருக்குப் புரியவே இல்ல. "இத்தினி நாளா அங்க போகணும் அங்க போகணும்னு உசுர வாங்கின, இப்போ கதவத் தொறந்து விட்டாப் போகமாட்டேங்கிற. என்னதான்டி ஒனக்கு?"ன்னு திட்டினாரு. நான் போனா அந்த எடத்துக்கு வேற ஒருத்தி வருவா. அவளுக்கு என்ன கூச்சம், சத்தமாக் கேப்பா. பத்தடி தள்ளி நின்னுக்கினு எங்கப்பா பதிலக் கேப்பாரு.

எனக்கு இங்கயே புடிச்சிருக்குதுபான்னு சொல்லிட்டேன்.