மார்பிள் மேசைக்கு மஞ்சள் நீராட்டு

இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணி. எனக்கு வேட்டி, பிள்ளைகளுக்குச் சட்டை, வீட்டுக்காரிக்குச் சேலை... சாப்பாட்டு மேசைக்கும் ஒன்று! தரையைத் தொடுகிற பூப்போட்ட விரிப்பு.

மேசைக்கு எதற்குத் தீபாவளித் துணி என்கிறீர்களா? வெட்கமாகத்தான் இருக்கிறது... இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது, காலையில் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே ஒரு சீனர் காப்பிக்கடைக்குத்தான் போவேன். கடை முதலாளியை எல்லோரும் 'தவுக்கே' என்போம். வெள்ளிக்கிழமை நான் மாமிசம் தொடமாட்டேன் என்று தெரிந்துகொண்டு, அன்றைக்கு மட்டும் எனக்கென்று ஒரு தனிக் கோப்பையில் காப்பி கலக்குவார். அடையாளத்துக்கு அதன் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். நான் கேட்டேனா? இல்லை. அவராகவே செய்தார்.

எனக்கு எப்போதும் சுவரோரத்து மேசைதான். வட்டமான வெள்ளை மார்பிள், அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரேகைகள், கீழே கறுத்த மரக்கால். வெயிலில் வந்து உள்ளங்கையை வைத்தால்... அடடா, அந்தக் குளிர்ச்சி!

இந்த வருஷம் முருகன் கண் திறந்தான். தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அதே சமயம் தவுக்கேயின் மகன் கடையைப் புதுப்பித்து, பளபளவென்று ஃபார்மைக்கா மேசைகளை இறக்கினான். பழைய மார்பிள் எல்லாம் பின்சந்தில் சாத்திக் கிடந்தன. தவுக்கே என்னை அங்கே கூட்டிப் போனார். எங்களுக்குள் பேச்சு எப்போதும் சந்தை மலாய்தான், தமிழில் எழுதுகிறேன்.

"இது ஒன்னோட மேச. எடுத்துக்கிட்டுப் போ லா!"

என் கண்ணெதிரே கல்லின்மேல் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கறுப்புக் கோடாகத் தெரியுமாம். ஒரு கோடும் இல்லை. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜன்னலோரம் போடவேண்டும், மேலே ஒரு பூச்சாடி மட்டும், கல்லின் அழகு கண்ணுக்குத் தெரியவேண்டும் – லாரியில் வரும்போதே எனக்குக் கனவு. வாசலில் என் மனைவி மீனாட்சி மறித்தாள்.

"என்னங்க, நில்லுங்க! யாரு யாரு எதத் தின்ன மேசையோ... சாமி இருக்கிற வீட்டுக்குள்ள அப்படியேவா?"

"சோப்புப் போட்டுக் கழுவித்தாம்மா குடுத்தாரு."

"சோப்பு அழுக்குக்கு. தீட்டுக்கு?"

எனக்கும் சரியென்றே பட்டது. செம்பு நிறைய மஞ்சள் கரைத்து, வேப்பிலையால் தெளித்து, மீதியை அப்படியே ஊற்றிவிட்டாள். காயட்டும் என்று விட்டுவிட்டோம். மாலையில் பார்த்தால்... மேசை மஞ்சள் பூசிக் குளித்த கல்யாணப்பெண் மாதிரி நிற்கிறது! தேய்த்தால் போகவில்லை. மார்பிள் தண்ணீரைக் குடிக்கிற கல் என்று யாருக்குத் தெரியும்?

"எலுமிச்சம்பழத்துக்குப் போகாத கறையா?" என்றாள். அரைமூடியை வைத்து அரக்கித் தேய்த்தாள். மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது – கூடவே பளபளப்பும் போய்விட்டது. நடுவில் ஆவி படிந்த கண்ணாடி போல ஒரு மங்கல் வட்டம். எலுமிச்சை, புளி எல்லாம் மார்பிளின் பளபளப்பைத் தின்றுவிடுமாம். சிந்தியதை உடனே ஒற்றி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்தால் போதுமாம். எல்லாம் நடந்து முடிந்தபிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

இந்த நேரத்தில் தவுக்கேயிடமிருந்து சேதி. 'தீபாவளிக்கு வர்றேன். மேசையையும் பார்க்கணும்.'

மீனாட்சி உட்கார்ந்துவிட்டாள். "கறை ஏதுன்னு கேப்பாருங்க. ஒங்க மேச தீட்டுன்னு கழுவுனோம்னு எந்த வாயால சொல்றது? ஒங்களுக்குன்னு தனிக் கோப்ப வெச்ச மனுஷங்க அவரு!" கண்ணில் தண்ணீர்.

அதனால்தான் அந்த விரிப்பு.

தீபாவளியன்று தவுக்கே ஆரஞ்சுத்தண்ணீர் போத்தல்களும் ஒரு காகிதப் பையுமாக வந்தார். செருப்பைக் கழற்றினார், முறுக்கைக் கடித்தார், விரிப்பைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன இது, மேசைக்கும் பாஜூவா, சட்டையா? இந்த வெயில்ல அதுக்குப் புழுங்காதா?"

நான் சிரித்துச் சமாளிப்பதற்குள் விரிப்பைத் தூக்கிவிட்டார். காப்பியோடு வந்த மீனாட்சி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மஞ்சளில் அவர் விரல் போயிற்று... மங்கல் வட்டத்தில் நின்றது.

"இது என்ன?"

"அது... மீன்கொழம்பு..." என்று ஆரம்பித்தேன்.

"கொழம்பு இல்ல தவுக்கே." அவளுக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் மீனாட்சி குறுக்கிட்டாள். "மஞ்சத்தண்ணி. சாமி வீடு... கடையில எல்லாரும் எல்லாம் சாப்பிட்ட மேச... நாந்தான் கழுவுனேன்." தலை நிமிரவில்லை.

தவுக்கே அவளைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

"தங்காச்சி, நாங்களும் கழுவுவோம் லா! புது வீடு போனா பம்பளிமாஸ் எல போட்ட தண்ணி. அந்த ஃபார்மைக்கா மேசைக்கே என் பொஞ்சாதி தெளிச்சா!" பிறகு கல்லை ஒரு தட்டுத் தட்டினார். "ஆனா எங்க தண்ணி கறை பிடிக்காது!"

மீனாட்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவர் காகிதப் பையைப் பிரித்தார். உள்ளே அந்தக் கோப்பை. பிடியில் அதே சிவப்பு நூல். "கடையில இனிமே எல்லாம் புதுச்சாமான். இது ஒனக்கு" என்று மங்கல் வட்டத்தின்மேல் வைத்தார். வட்டம் பாதிக்குமேல் மறைந்துவிட்டது.

அவர் போனபின் விரிப்பை மடித்து அலமாரியில் வைத்தாள் மீனாட்சி. கோப்பையைக் கழுவ எடுத்துப் போனாள். மஞ்சள் டப்பாவைத் திறக்கிறாளா என்று நான் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன்...

வெறும் தண்ணீர்தான்!