மைக் அக்காவின் கோழிகள்

எங்கள் வீட்டில் கோழிகளுக்குக் கிடைக்கும் மரியாதை மருமகளுக்குக் கிடையாது. நம்பாவிட்டால் ஒரு நாள் காலையில் வந்து பாருங்கள். என் நாத்தனார் எழுந்ததும் முதலில் திறப்பது கொல்லைக் கதவைத்தான். கூண்டுக்கு முன்னால் குனிந்து நின்று ஒவ்வொரு கோழியையும் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். ராத்திரி நன்றாகத் தூங்கினாயா, சாரலில் நனைந்தாயா, நேற்று ஏன் சரியாகத் தின்னவில்லை என்று கேள்வி மேல் கேள்வி கேட்பார். அதெல்லாம் முடிந்து அடுக்களைக்கு வந்தால் என்னிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருக்கும்.

"டீ ஆச்சா?"

நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனையாவது மேடையில் நிற்கிறது, எது கிளம்புகிறது, எது இன்றைக்கு வராது என்று மைக்கில் சொல்லும் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. மருந்துக் கடையில் போய் "ஒரு தலைவலி மாத்திரை குடுங்க" என்றால் போதும், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க பஸ் ஸ்டாண்ட் மேடம்தானே?" என்பார். அப்போது பார்க்க வேண்டும் அவர் முகத்தை. மாமனார் காலமான பிறகு அந்தக் குரல்தான் தம்பியைப் படிக்க வைத்தது, செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்துக் கொடுத்தது, எங்கள் கல்யாணத்தையும் நடத்தியது. தனக்கு வந்த வரன்களையெல்லாம் ஷிஃப்ட் ஒத்துவராது என்று அவரே தட்டிக் கழித்துவிட்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் மைக் அக்கா. எனக்கும் அக்காதான்.

கோழிகளுக்கெல்லாம் வண்டிப் பெயர். கூப்பிட்டால் முதலில் ஓடிவருவது எக்ஸ்பிரஸ். கண்ட இடத்திலெல்லாம் நின்று கொத்திக்கொண்டு வருவது சாதா. எப்போது முட்டையிடும், எங்கே இடும் என்று யாராலும் சொல்ல முடியாதது ஸ்பெஷல். ஒரு முறை துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் இட்டிருந்தது. கால் நொண்டுவது பிரேக் டவுன். சேவலுக்கு மேனேஜர் என்று பெயர். ஒரு துரும்பையும் நகர்த்தாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிவரும், யாரோ முட்டையிட்டால் தான் இட்டதுபோல் கூவும். பேருந்து நிலையத்து மேனேஜரின் காதுக்கு இது எட்டிவிடக் கூடாதே என்று எனக்கு எப்போதும் ஒரு பயம்.

கொல்லை என்றால் ஏதோ பெரிய தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு துவைக்கிற கல், ஒரு கொய்யா மரம், மதிலோரம் கூண்டு, அவ்வளவுதான். கழித்துப்போட்ட பேருந்து இருக்கைகளின் இரும்புச் சட்டத்தில் கம்பி வலை அடித்து அக்காவே செய்த கூண்டு அது. மதிலின் மூலையில் ஒரு ஓட்டை உண்டு. அதன் வழியாகக் கோழிகள் பகல் முழுவதும் பக்கத்துக் காலி மனையில் போய்க் கிளறிவிட்டு வரும். அங்கே முள்ளும் புதரும் இருப்பதால் எதிரிகளுக்கும் அதுதான் குடியிருப்பு.

கோழி வளர்ப்பது ஊர் முழுக்கப் பந்தி வைப்பதுபோல. மேலே பருந்து, மதில்மேல் பக்கத்து வீட்டுப் பூனை, புதருக்குள் கீரி, முட்டைக்குக் காக்கை. பூனையைப் பற்றி அதன் சொந்தக்காரம்மாவிடம் கேட்டால், "எங்க பூனை பால் தவிர வேற எதையும் தொடாதுங்க" என்பார். பூனை பக்கத்தில் உட்கார்ந்து மீசையில் ஒட்டிய இறகை நக்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவை கீரி கூண்டுக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் தின்றது ஒன்று, வீணாகக் கடித்துப் போட்டது மூன்று. அன்றைக்கே அக்கா லீவு போட்டுவிட்டுக் கூண்டைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குக் கருங்கல் பதித்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் கழிச்சல் நோய் வந்து பாதிக் கோழிகள் தலை தொங்கிச் செத்தன. "கீரியையாச்சும் திட்டலாம், இதுக்கு யாரைப் போய்த் திட்டறது?" என்று கேட்டுக்கொண்டே குழி தோண்டினார்.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு அறிவிப்பு உண்டு. மதிலைப் பார்த்து நிமிர்ந்து நின்று, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பாயின்ட் டு பாயின்ட் வண்டி இன்று முதல் இயக்கப்படாது. வருந்துகிறோம்" என்பார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஆனால் அன்று ராத்திரி சாப்பிட வரமாட்டார்.

சாயங்காலம்தான் வேடிக்கை. வேலை முடிந்து வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கொல்லைக்குப் போவார். முதலில் வானத்தைப் பார்ப்பார், அப்புறம் மதிலை எட்டிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் வாயைத் திறப்பார். "பா... பா... பா... வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க." அவ்வளவுதான், புதருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக ஓட்டையில் நுழைந்து வரும். மேலே பருந்து சுற்றினால் கூப்பிடமாட்டார். ஒரே ஒரு "ஏய்!" போடுவார். இருந்த இடத்திலேயே கோழிகள் பதுங்கிவிடும், குஞ்சுகள் தாயின் இறக்கைக்குள் போய்விடும், அடுக்களையில் என் கையிலிருக்கும் கரண்டியும் நின்றுவிடும்.

இப்படி இருந்த குரல் போன வருடம் கரகரக்க ஆரம்பித்தது. காலையில் தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் சொரசொரவென்று ஆகிவிடும். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குரல் நாண்ல சின்னச் சின்ன முடிச்சு விழுந்திருக்கு. ஒரு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. மீறிக் கத்திட்டீங்கன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் பழைய குரல் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

அக்காவின் உள்ளங்கை வேர்த்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும்.

லீவு கேட்கப் போனபோது மேனேஜர் தங்கமாகப் பேசினார். "போறதுக்கு முன்னாடி எல்லா அறிவிப்பையும் ரெக்கார்டு பண்ணிக் குடுத்துட்டுப் போங்க மேடம். ஒரு மாசத்துக்குத்தானே." அக்கா காலை வேளைகளில் வெந்நீர் குடித்துக் குடித்து எல்லா வண்டியையும் எல்லா மேடையையும் சொல்லி முடித்தார். பதிவு செய்தது என் கணவர். கடைசியில், "அப்படியே கோழி கூப்பிடறதையும் சொல்லிடு அக்கா, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே அதையும் பேசிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து வீட்டில் கைதட்டல் பாஷை. ஒரு தட்டு என்றால் நான், இரண்டு என்றால் தம்பி, மூன்று என்றால் டீ. என் கணவர் புது ஸ்கூட்டர் வாங்கட்டுமா என்று கேட்டுவிட்டு, "மௌனம் சம்மதம்" என்று தானே தீர்ப்பும் சொன்னார். பதிலுக்கு ஒரு ஈரத் துண்டு பறந்து வந்து முகத்தில் விழுந்தது. நானோ, கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று அவருடைய திட்டையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவந்தவள். திட்டுச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

முதல் சாயங்காலம் கோழிகளை நான் கூப்பிட்டேன். எக்ஸ்பிரஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திரும்பிப் பின்புறத்தைக் காட்டியது. என் கணவர் விரட்டிப் பிடிக்கப் போய் முள்ளில் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தார். வந்தவர் உடனே, "இதெல்லாம் டெக்னாலஜியால செய்யணும்" என்று ஆரம்பித்தார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானாம் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. கடையிலிருந்து ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து கொய்யாக் கிளையில் கட்டி, பதிவைப் போட்டார். "பா... பா... பா... வாங்க, வாங்க." எல்லாக் கோழிகளும் ஓடிவந்துவிட்டன. நாங்கள் இருவரும் கைதட்டினோம். திரும்பிப் பார்த்தால், அக்கா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் கூண்டுக்குள் போனதும் ஸ்பீக்கரைச் சுட்டிக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார், பிறகு கையை விரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அது இருக்கும்போது நான் எதற்கு என்கிறார்.

அந்த வாரமே மேனேஜர் என் கணவருக்குப் போன் செய்தார். "ரெக்கார்டு அருமையா ஓடுது தம்பி. ஒரு புகார் இல்ல. மேடத்த நிதானமா வரச் சொல்லுங்க." இந்த நிதானமா என்பது அக்கா காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருடைய மௌனம் இன்னும் கெட்டிப்பட்டது. இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் இருமுவார். முழுக் குரலோடு திரும்பிப் போனால் நாற்காலி கிடைத்துவிடும் என்று நம்பினார். நாங்களும்தான்.

இதற்கிடையில் அடையிலிருந்த எக்ஸ்பிரஸ் குஞ்சு பொரித்தது. என் கணவர் டெக்னாலஜியை ஒரு படி மேலே கொண்டுபோனார். யாரும் கை வைக்க வேண்டாம், சாயங்காலமானால் ஸ்பீக்கர் தானாகவே கூப்பிடும்படி நேரம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நல்ல வெளிச்சம். நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கூண்டுப் பக்கம் தண்ணீர்த் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் கூப்பிட ஆரம்பித்தது. எக்ஸ்பிரஸ் தன் படையோடு ஓட்டையில் நுழைந்து திறந்த வெளிக்கு வந்தது. தரையில் ஒரு நிழல் ஓடியது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். பருந்து கொய்யா மரத்துக்கு மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

அக்கா வாய் திறந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. ஒரே ஒரு "ஏய்" போதும். அது வெளியே வருவதற்குள் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தட்டை வீசிக்கொண்டு ஓடினார். மரத்தின்மேல் அவர் குரல், "வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க" என்று செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் கூப்பிடும்போது பயப்பட வேண்டியதில்லை என்றுதானே எக்ஸ்பிரஸுக்குத் தெரியும். அது மரத்தடிக்குக் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வந்தது. பருந்து இறங்கியது, ஏறியது, ஒரு குஞ்சு போய்விட்டது. இரண்டாவது தடவை இறங்கியபோது மடித்த துணிகளையெல்லாம் அள்ளி வீசி நான் கத்தினேன். என் குரலுக்குக் கோழிதான் வராது, பருந்து நன்றாகவே பயந்தது.

அக்கா கிளையை வளைத்து ஸ்பீக்கரைப் பிய்த்து வாளித் தண்ணீருக்குள் போட்டார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு "பா" வந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கும் சத்தம் வரக் கூடாதே, டாக்டர் சொல்லியிருக்கிறாரே. தோள் மட்டும் குலுங்கியது. அவர் பங்குக்கும் சேர்த்து நான் சத்தமாக அழுதேன். வீட்டுக்கு வந்த என் கணவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, கிளையில் மிச்சமிருந்த கயிற்றை அவிழ்த்துப் போட்டார்.

மாதம் முடிந்து டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். முடிச்சு கரைந்திருந்தது. "பேசுங்க" என்றார். "நன்றி டாக்டர்" என்றார் அக்கா. கண்ணாடி டம்ளரில் கரண்டியால் தட்டியதுபோல் அதே பழைய குரல். அங்கிருந்து நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனோம். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார், டீ வரவழைத்தார்.

"ரெக்கார்டே நல்லா ஓடுதுங்க. இனிமே உங்களுக்கு எதுக்குத் தொண்டைத் தண்ணி வத்தணும்? விசாரணை ஜன்னல்ல உக்காந்துக்கோங்க."

"வண்டி மேடை மாறி நின்னா யாரு சொல்றது சார்?"

"அது எப்பவாவதுதானே மேடம்."

அக்கா கெஞ்சவில்லை. எனக்குத்தான் அந்த டீயை அவர் மேசைமேல் கொட்ட வேண்டும்போல் இருந்தது. திரும்பி வரும் வழியில், "ஏதாச்சும் பேசுங்கக்கா, இப்பதான் பேசலாமே" என்றேன். அக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"குரல் என்கிட்டதான் பத்திரமா இருக்குன்னு நெனச்சு வாயப் பொத்திக்கிட்டிருந்தேன். அது எனக்கு முன்னாடியே வேலையில சேந்துடுச்சு. இதுக்காடி ஒரு குஞ்சக் குடுத்தேன்?"

வீடு வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

இப்போது அவர் விசாரணை ஜன்னலில்தான் இருக்கிறார். முதல் நாள் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அவர் தலைக்கு மேலேயே ஒலிபெருக்கி இருந்தது. அதில் அவர் குரல், மூன்றாவது மேடையிலிருந்து வண்டி புறப்படத் தயாராக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு முன்னால் இரண்டு கையிலும் பெட்டியோடு ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். அக்கா இருக்கையிலிருந்து எழுந்து, தலையை வெளியே நீட்டி, மேடைகளை ஒரு முறை பார்த்தார்.

"நாலாவதுல நிக்குதுங்க, ஓடுங்க" என்றார்.

"மைக்ல ஒரு அம்மா மூணுன்னு சொல்றாங்களே?"

"அவ அப்படித்தான் சொல்லிக்கிட்டே இருப்பா. எட்டிப் பாக்கத் தெரியாது அவளுக்கு. நான் பாத்துட்டுச் சொல்றேன், நீங்க நாலாவதுக்கு ஓடுங்க."