இரண்டாவது பாட்டு வராத மத்தியானம்

எனக்குப் புதுப் படம் பார்க்க வராது. முதல் காட்சியில் ஒரு குழந்தை ரோட்டைக் கடந்தாலே லொறி வருகிறதா என்று தேடுவேன். இருப்புக் கொள்ளாமல் எழும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பேன், கதவைப் பார்ப்பேன். அதனால் எங்கள் வீட்டில் ஓடியது ஒரே படம்தான். கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ஒரு லொறிக்காரன், திமிர் பிடித்த ஒரு பெண், சாணிக் குழியில் விழும் வில்லன், கடைசியில் கல்யாணம். ஒருத்தரும் சாகமாட்டார்கள். அம்மாவுக்கும் எனக்கும் அது அலுத்ததே இல்லை.

பதுளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவில் எங்கள் லயம். வரிசையாக ஆறு காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வீடு. நடுச்சுவர்கள் கூரைத் தகரம் வரை எட்டாது. எங்கள் டிவி எல்லா வீட்டுக்கும் கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் காமெடி வருவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவார்.

மழைக் காலத்தில் லயத்துக்குப் பின்னால் உள்ள மேடு சரியலாம், கவனியுங்கள் என்று சொல்லி ஓர் உத்தியோகத்தர் வந்து போனார். மேட்டடியில் மழைநீர் வடியும் கானில் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தால் உடனே ஸ்கூலுக்குப் போய்விட வேண்டுமாம். யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது? அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்தோம். கடைசியில் படம்தான் கை கொடுத்தது. மழை பிடித்தால் நாங்கள் படத்தைப் போடுவோம். இரண்டாவது பாட்டு தொடங்கியதும் முறைக்கு ஒரு வீட்டார் குடையோடு போய்க் கானைப் பார்ப்பார்கள். மழை விடாவிட்டால் படம் மறுபடி முதலிலிருந்து ஓடும். வெளியாட்கள் கேட்டால் பைத்தியம் என்பார்கள். எங்களுக்கு அது காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணி மாதிரி பழகிவிட்டது.

இதில் சேராத ஒரே ஆள் அம்மா. படம் பார்ப்பார், ஸ்கூலுக்குப் போகமாட்டார். முந்தைய மழைகளில் போய்ப் போய் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தபோது கோழியைத்தான் காணவில்லை. "மலையில பொறந்துட்டு மழைக்குப் பயந்தா ஆகுமா" என்பார். ஒவ்வொரு மழைக்கும் எனக்குக் கவலை மேடு அல்ல, அம்மாதான்.

போன ஐப்பசியில் கொழும்பில் வேலை செய்யும் என் சொந்த அக்கா மகள் லீவில் வந்திருந்தாள். மத்தியானம் மழை பிடித்தது. "அதே படமா சித்தி?" என்று அலுத்துக்கொண்டு, தான் கொண்டுவந்த புதுப் படத்தைப் போட்டாள். அம்மாவும் பேத்திக்காகச் சரி என்றார். எனக்குக் காலில் வெந்நீரை ஊற்றியது போல இருந்தது. நாலு தரம் எழும்பினேன்.

"ஒக்காருடி. ஒனக்கென்ன கீழ முள்ளா இருக்கு?" என்றார் அம்மா.

உட்கார முடியாமல் வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா குடையோடு நின்றார். அன்றைக்கு அவருடைய முறை.

"என்னா, இன்னும் பாட்டு வரலயே?" என்றார்.

புதுப் படத்தில் பாட்டே வரவில்லை; தகரத்து மழை இரைச்சலில் பேச்சு கேட்காததால் படம் மாறியது யாருக்கும் தெரியவில்லை. ஆறு வீடும் வராத பாட்டுக்காகக் காத்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. இருவரும் பின்பக்கம் ஓடினோம். கான் நிறையச் செம்மண். மேட்டில் ஒரு சவுக்கு மரம் லயத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

சத்தம் போட்டதும் எல்லாரும் கிளம்பினார்கள். அம்மா மட்டும் டிவி முன்னால் அசையாமல் இருந்தார். படத்தில் ஒரு பெண்ணை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"அந்தப் புள்ள பொழைக்கிறாளான்னு பாத்துட்டு வாறேன். நீங்க போங்க."

கெஞ்சினேன். திட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன், உதறினார். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவ செத்துப் போயிடுறாம்மா. நான் பாத்துட்டேன். எந்திரிங்க."

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். எழும்பி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்.

நாங்கள் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் மேடு இறங்கியது. எங்கள் காம்பராவும் அடுத்த இரண்டும் பாதிக்கு மேல் மண். ஓர் உயிரும் போகவில்லை. அந்தச் செய்தி வந்தபோது அம்மா சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்கில் முழங்காலைப் பிடித்தபடி இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தப் பொண்ணு என்னா ஆனான்னு எனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன்."

"தெரியும்" என்றார் அம்மா. "நீ எந்தப் புதுப் படத்தடி முழுசாப் பாத்திருக்க? ஒன் மொகத்தப் பாத்தேன். நான் வராட்டி நீயும் போகமாட்டன்னு தெரிஞ்சிச்சு. அதான் எந்திரிச்சேன்."