அமுதவல்லிக்குப் பித்தம் தலைக்கேறிய கதை

ஒரு நாள் விடியற்காலையில் பால் கறந்துகொண்டிருக்கும்போதே அமுதவல்லி தூங்கிப்போனாள். நெற்றி மாட்டு வயிற்றில் சாய்ந்திருந்தது. கை மட்டும் பழக்கதோஷத்தில் கறந்துகொண்டே இருந்தது. மாடு நல்ல மாடு, அசையாமல் நின்றது. அந்த வீட்டில் இங்கிதம் தெரிந்த ஜீவன் அது ஒன்றுதான் என்று சொன்னால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அமுதவல்லி பிறந்தது ஏரியூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டது மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். புருஷன் மாதவராஜ் தக்காளியும் முள்ளங்கியும் போடுகிற விவசாயி. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், ஊரில் நல்ல பெயர். மாமியார் ராஜாமணி வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஒரே மகள் நிர்மலாதேவி தருமபுரியில் காலேஜ் படிக்கிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத குடும்பம். குறை சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் அமுதவல்லியால் யாரிடமும் எதையும் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நாள் காலை நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும். "அம்மா" என்றோ "அமுதா" என்றோ ஒரு குரல் கேட்கக்கூடாது. அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் பொம்பளை பகலில் படுத்தால் ஒன்று காய்ச்சலாக இருக்கும், இல்லையென்றால் பிரசவமாக இருக்கும். வேறு காரணத்துக்கு அங்கே வழக்கமில்லை. காய்ச்சலோ அவளுக்கு வந்து தொலைய மாட்டேன் என்றது.

இந்த நிலையில் அந்த வருஷம் எலுமிச்சை காய்த்துத் தள்ளியது. தோட்டத்து வேலியோரம் நின்ற மரங்களில் இலையைவிடக் காய் அதிகம். எல்லோர் தோட்டத்திலும் அப்படியே காய்த்ததால் விலை விழுந்து, பழம் எடுக்க வருகிற வியாபாரியின் டெம்போ இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பறித்த பழமெல்லாம் சாக்குச் சாக்காக வீட்டுக்கு வந்தது. மாதவராஜுக்கு ஒரு பொருள் வீணாவதைப் பார்க்கப் பொறுக்காது. பொண்டாட்டி வீணாவது மட்டும் எப்படியோ அவன் கண்ணில் படவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு எலுமிச்சை வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தான்.

"இங்க பாரு அமுதா, தோலைக் காயவெச்சுப் பொடி பண்ணினா மூஞ்சிக்கு அப்படியே சோப்பு மாதிரியாம். நாமதான் தெரியாம தூக்கிப் போட்டுட்டு இருக்கறோம்."

மறுநாள் மொட்டைமாடியில் தோல் காய்ந்தது. காயவைத்ததும், மழைத்தூறலுக்கு ஓடிப்போய் அள்ளியதும், இடித்துச் சலித்ததும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வீடியோ பார்ப்பது ஒருவர் வேலை, செய்வது இன்னொருவர் வேலை என்று எப்படியோ பிரிந்துவிட்டது. காலையில் அவன் தொப்பை கரைய வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். காலேஜ் லீவுக்கு வந்திருந்த மகளுக்குத் தயிரில் சாறு பிழிந்து முகத்துக்குப் பூச்சு, தலைப்பொடுகுக்குத் தனியாக ஒரு கிண்ணம். மாமியாருக்கு வயிற்று உப்புசத்துக்குச் சாறும் இஞ்சியும். குளியலறை டைல்ஸில் படிந்த உப்புக்கறைக்குத் தோலால் தேய், ஃப்ரிட்ஜில் மீன் நாற்றம் போகப் பாதிப் பழம் வை, கொசுவுக்குக் கிராம்பு குத்தி ஜன்னலில் வை. இது போக ஜாடி ஜாடியாக ஊறுகாய். பரணில் கிடந்த பித்தளை அண்டா குண்டாக்களையும் ராஜாமணி இறக்கச் சொல்லிவிட்டாள்.

"சும்மா கெடக்குற பழம்தானே, உப்பத் தொட்டுத் தேச்சா தங்கமா மின்னும்."

மின்னியது, மறுக்க முடியாது. ஆனால் அமுதவல்லியின் விரல்களில் தக்காளிச்செடிக்குக் குச்சி நட்டுக் கட்டிய கீறல்களும், நகக்கண் ஓரம் வெடிப்பும் இருந்தன. சாறு பட்டால் உச்சந்தலைவரை சுள்ளென்று ஏறும். தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி தேய்ப்பாள். யாரிடம் போய்ச் சொல்வது? எல்லாம் உடம்புக்கு நல்லது என்று செய்கிறார்கள். யார் உடம்புக்கு என்பதுதான் கேள்வி.

அது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். கூடை நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு அருவாமணையில் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் தானாக மூடி மூடித் திறந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்த மாதவராஜ் உற்சாகமாகப் போனை நீட்டினான்.

"இது ஒனக்குத்தான். ஒரு பழத்தை ரெண்டா வெட்டித் தலமாட்டுல வெச்சுட்டுப் படுத்தா நல்லாத் தூக்கம் வருமாம்!"

அமுதவல்லி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். முதலில் லேசாக வந்த சிரிப்பு நிற்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள். சிரிப்பினூடே எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய் எருக்குழியில் கவிழ்த்தாள். நறுக்கியது, நறுக்காதது எல்லாம் உருண்டு சாணியில் விழுந்தன. திரும்பி வந்து, கூடத்து நடுவில் வெறும் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று நிர்மலா ஓடிவந்தாள். தலைக்குக் கிண்ணம் ரெடியாகிவிட்டதா என்று கேட்க வந்தவள்தான், கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல. நான் தூங்கணும்" என்றாள் அமுதவல்லி.

ராஜாமணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. காய்ச்சல் இல்லாமல் ஒருத்தி பகலில் படுக்கிறாள், சிரிக்கிறாள், நல்ல பழத்தைக் கொண்டுபோய் எருவில் கொட்டுகிறாள் என்றால் வேறென்ன? அசதி என்ற சொல் அங்கே ஒருவர் வாயிலும் வரவில்லை.

"பித்தம் தலைக்கேறிடுச்சுடா மாதவா! வெயில்ல அலைஞ்சது. போ, மரத்துல பழுத்ததாப் பாத்துப் பறிச்சுட்டு வா. தலையில தேச்சு ஊத்துனாத்தான் எறங்கும்."

மாதவராஜ் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். பாவம், அவன் நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

தொட்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு அமுதவல்லியை உட்காரவைத்தார்கள். ராஜாமணி பழத்தை அறுத்து உச்சியில் வைத்துத் தேய்த்தாள். முதலில் குளிர்ந்தது. பிறகு மாமியாரின் கட்டை விரல் மெல்ல மெல்ல நெற்றிப்பொட்டுக்கும், காது மடலுக்குப் பின்னாலும், பிடரிக்கும் இறங்கியது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அமுதவல்லியின் தலையை யாரும் தொட்டதில்லை. எத்தனையோ தலைகளுக்கு அவள் எண்ணெய் வைத்திருக்கிறாள், பேன் பார்த்திருக்கிறாள். தன் தலைக்கும் இப்படி ஒரு கை வரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாறு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து மகள் துண்டால் ஒற்றிவிட்டாள்.

தண்ணீர் ஊற்றித் துவட்டி, அறையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். "பித்தம் எறங்கும்போது எழுப்பக் கூடாது. ஒருத்தரும் சத்தம் போடாதீங்க" என்று ராஜாமணி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். அன்று அமுதவல்லி தூங்கிய தூக்கத்தைத் தூக்கம் என்று சொன்னால் போதாது. விழித்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அடுப்படியில் "உப்பு டப்பா எங்க இருக்குது?" என்று புருஷனும், "எனக்கு எப்படித் தெரியும்பா?" என்று மகளும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எழுந்து போய் எடுத்துக்கொடுக்கத் தோன்றியது. தோன்றியதை அடக்கிக்கொண்டு புரண்டு படுத்தாள்.

வெள்ளிக்கிழமையும் தேய்த்தார்கள், தூங்கினாள். பாதியில் நின்ற பித்தளை அண்டாவைத் தேய்க்க மாதவராஜ் உட்கார்ந்தான். உப்பும் சாறும் அவன் கைக் கீறலில் பட்டதும் "ஸ்ஸ்... அப்பா!" என்று உதறிக்கொண்டு எழுந்தான்.

"இவ்ளோ எரியுதே, இத எப்படி தெனமும்..." என்று ஆரம்பித்தவன், தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு நின்றான். அறையில் படுத்திருந்த அமுதவல்லிக்கு அது கேட்டது. பதில் சொல்ல அவளுக்கு அலுப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலை மறுபடி பலகை போட்டார்கள். தலை தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயம். தெளிந்துவிட்டது என்று தெரிந்தால் இந்தப் பலகையிலிருந்து எழுந்ததும் மறுபடி அத்தனையும் அவள் தலையில் வந்து விழும். உடம்பிலோ எலும்புக்குள்ளே இருக்கிற அசதி இன்னும் பாதிகூடப் போகவில்லை.

"தெளிஞ்சுதா அமுதா?" என்று கேட்டாள் ராஜாமணி.

அமுதவல்லி பொய் பேசிப் பழகாதவள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "இன்னும் இல்லீங்கத்தே."

தலையில் தேய்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே அமுதவல்லி நினைத்தாள். ராஜாமணி ஒரு தரம் சுற்றுமுற்றும் பார்த்தாள். மகன் தூரத்தில் சாணி வழித்துக்கொண்டிருந்தான், பேத்தி உள்ளே எதையோ தீயவிட்டுக்கொண்டிருந்தாள். கிழவி குனிந்து மருமகளின் காதோரம் மெல்லச் சொன்னாள்.

"அவசரப்படாத. ஒம் மாமனாரு தேச்சுவுட்டப்ப எனக்கு ஒரு மாசம் தெளியல."