அண்ணன் போனுக்குப் போன ஓ.டி.பி.

வருமான வரிக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. எனக்கு அது தலைவலியாக வந்து சேர்ந்தது போன ஆடியில்தான். கணபதியில் ஒற்றை லேத் வைத்துப் பம்பு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறேன். எனக்கு வேலை கொடுப்பது ஒரே ஒரு கம்பெனி. ஆன்லைனில் கணக்குத் தாக்கல் செய்த ரசீது தராவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து வேலை கிடையாது என்று அந்தக் கம்பெனி சொல்லிவிட்டது. கையிலிருந்த ஒரே வேலையும் போனால் லேத்தைத் துடைத்துப் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒரு மாதம் பகலெல்லாம் லேத், சாயங்காலம் பில். மனைவி பில்லைப் படிப்பாள், நான் நோட்டில் எழுதுவேன். பாதிக்குமேல் ஆயில் கறை. ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அம்மா போன் செய்து, "ஏனுங்க, நீங்க அனுப்புன போட்டோவுல ஆயிலு மட்டுந்தானுங்க தெரியுது" என்பார். திரும்பவும் துடைத்து, திரும்பவும் போட்டோ எடுத்து அனுப்புவேன். ஆயிரம் பீஸ் கடைந்தால்கூட இவ்வளவு களைப்பு வராது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்த ஆபீஸுக்குப் போனேன். அந்த அம்மா என் பான் எண்ணை அடித்தார். என் பேரில் ஏற்கெனவே கணக்கு இருந்தது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. புதிதாகப் போட ஓ.டி.பி. வேண்டும் என்று பட்டனை அழுத்திவிட்டு, "வந்துதுங்களா?" என்றார். என் போனில் ஒன்றும் இல்லை. திரையில் எந்த நம்பருக்குப் போயிருக்கிறது என்று கடைசி இலக்கங்களைக் காட்டியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது என் அண்ணன் நம்பர்.

நானும் அண்ணனும் ஒன்றாகத்தான் தொழில் செய்தோம். மிஷின் நான், காகிதம் அவர். எதற்கு நம்பர் கேட்டாலும் தன் நம்பரைக் கொடுத்துவிடுவார். ஒரே வீட்டில் எதற்கு இரண்டு நம்பர் என்பது அவர் வாதம். நாலு வருடத்துக்கு முன்னால், பெரிய லேத் யாருக்கு என்பதில் வாய்ச்சண்டை முற்றிப்போய், வேலைக்காரர்கள் எதிரில், "கணக்கு வழக்குத் தெரியாதவனெல்லாம் தொழில் பண்ணி என்னத்தக் கிழிக்கப் போறான்?" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. தன் பங்கை வாங்கிக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் போய் எண்ணெய் மில் வைத்துவிட்டார்.

இப்போது அவரிடமே போய் என் கணக்கைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். செத்தாலும் கேட்க மாட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. "நம்பரு மாத்தறதுக்கு நாளாகுமுங்க. நாளைக்குக் கடைசி. கூப்புட்டுக் கேட்டுருங்க, பத்து நிமிசந்தான் நிக்கும்" என்றார் அந்த அம்மா. எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. மாடிப்படியில் வந்து நின்று கூப்பிட்டேன்.

"அண்ணா, நாந்தானுங்க."

பின்னால் மில் ஓடுகிற சத்தம். நான் கேட்பதற்கு முன்பே, "வந்திருக்குது, எழுதிக்க" என்றார். ஆறு இலக்கத்தையும் இரண்டு முறை சொன்னார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினேன். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, கையெழுத்துக்குப் பதிலாக ஆதார் வழியாக இன்னொரு ஓ.டி.பி. கேட்டது. ஆதாரிலும் அண்ணன் நம்பர்தான். மறுபடியும் படிக்கட்டு. இந்த முறை முதல் ரிங்கிலேயே எடுத்தார். நம்பரைச் சொன்னவர் போனை வைக்கவில்லை.

"போன மாசி, பங்குனி ரெண்டு மாசமும் ரேஷன் வாங்கலயாட்ட இருக்குது?"

எனக்குப் புரியவில்லை. "உங்களுக்கு எப்படிங்ணா தெரியும்?"

"உங்க கார்டுக்கு வாங்குனா எனக்குத்தான மெசேஜ் வருது. மாசாமாசம் சக்கரை, பருப்பு, பாமாயிலுன்னு வந்துரும். அந்த ரெண்டு மாசமும் ஒண்ணையும் காணோம். என்னமோ ஏதோன்னு பஸ்ஸேறிச் சிங்காநல்லூரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துபோட்டேன்."

"அப்பறம் ஏனுங்ணா ஊட்டுக்கு வல்லே?"

"நீ வான்னு சொல்லலயே, கண்ணு."

அந்த இரண்டு மாதமும் நான் குடலிறக்க ஆபரேஷன் செய்து படுத்திருந்தேன். ரேஷன் கடையில் போய் நிற்க மனைவிக்கு நேரமில்லை. அவருக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். படிக்கட்டில் நின்றபடி எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். "இப்பத் தேவலையா?" என்றார். தேவலை என்றேன். வீட்டுக்கு வாங்க என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். உள்ளேயிருந்து அந்த அம்மா கூப்பிடவும் போனை வைத்துவிட்டேன்.

ரசீது வந்தது, கம்பெனி வேலையும் நிலைத்தது. அடுத்த வருடத்துக்குள் நம்பரை மாற்றிவிடச் சொன்னார்கள் ஆடிட்டர் ஆபீஸில். மறுவாரம் இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கிக் கால்கடுக்க நின்று ஆதாரில் என் நம்பரைப் போட்டேன். வேலையை முடித்த பெண், "ரேஷன் கார்டுலயும் பழைய நம்பருதானுங்க இருக்குது. அதையும் மாத்திரலாங்களா?" என்று கேட்டாள்.

"அது அப்படியே இருக்கட்டுமுங்க" என்றேன்.

அங்கிருந்து நேராக ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். வீட்டில் சர்க்கரை இருந்தது.